மேசைக் காலில் கட்டிய சேலை

புக்கிட் ரோத்தான்
12.3.1984

கங்காவுக்கு,

நான் குழந்தையைக் கயிற்றால் கட்டிப்போட்டதாகக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது கயிறு அல்ல, என் பழைய பருத்திச் சேலை. ஒரு முனை மேசைக் காலில், மறுமுனை அவள் இடுப்பில். அரை மணி நேரம்தான்.

அவள் என் அண்ணன் பேத்தி, வயது இரண்டு. தாய் ரமணி விடியும் முன்பே ரவாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். நான் வீட்டிலிருந்தே ஒரு வக்கீலுக்கு டைப் அடிக்கிறேன். கான்வென்டில் படித்த நாள் முதல் என் தாளில் பிழை வந்ததில்லை. போன வாரம் இவள் பின்னால் ஓடி ஓடி அடித்ததில் மூன்று தாள்கள் பிழையென்று திரும்பி வந்தன. அதனால்தான் கட்டினேன்.

குழந்தை அழவில்லை. அவிழ்த்துவிட்ட பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இதை நான் ரமணியிடம்கூடச் சொல்லவில்லை.

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் முப்பது பிள்ளைகளை நீ ஒருத்தியாகப் பார்த்தாய். ஒன்றைக்கூட நீ கட்டிப்போட்டதில்லை.

தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதிய என் கணவரின் பதினாறாம் நாள் சாப்பாட்டில் உன்னைப் பின்பக்கம் உட்காரச் சொன்னேன். "கிராணி அம்மா, உங்க வீட்டுக் கோழியே ஹால்ல நடக்குது, நான் மட்டும் பின்னாடியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். ஆறு வருடமாகப் பேச்சில்லை. நான் செய்தது தவறு.

வாரத்தில் நான்கு நாள், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, இவளைப் பார்த்துக்கொள்ள வருவாயா? முன்வாசல் வழியாக வா. சம்பளத்தை நீயே சொல்.

ஆளிடம் சொல்லியனுப்பாதே. வருவதானாலும் வராவிட்டாலும், உன் கைப்பட இரண்டு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
நீ கிராணி அம்மா என்று கூப்பிட்டவள்