சீமோன் வீட்டில் இருந்த மாமியார்

செப். 2, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட துணியை மறுபடி அலச வேண்டியதாயிற்று. திருச்சுழி பஸ்ஸில் உட்கார இடமில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு அரிசி வந்திறங்கியது, பருப்பு வரவில்லை. நாளைக்கும் எலுமிச்சை சாதம்தான்.

சாயங்காலம் போதகரம்மா வந்தார்கள். ஞாயிறு பெண்கள் கூட்டத்தில் நான் செய்தி கொடுக்க வேண்டுமாம். தலைப்பு: பேதுருவின் குடும்பம். "உங்களுக்குத்தான் வாய் நல்லா வரும்" என்றார்கள். பாராட்டா, குத்தலா, தெரியவில்லை.

அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால். இவர் வீட்டில் இருந்தால் அப்படித்தான். மருமகன் எதிரில் உட்காரக் கூடாதாம். தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் காய்ச்சலோடு கேட்பாரற்றுக் கிடந்தவளை நான்தான் போய்க் கூட்டிவந்தேன். மதினி ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்கவில்லை. இப்போது காய்ச்சல் விட்டிருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது. வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

செப். 3, செவ்வாய்

வெயில். இவருடைய அக்கா வந்திருந்தார். காபி டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பம்.

"மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மக வீட்ல என்ன இருப்பு? எந்தம்பியத்தான ஊரு சிரிக்கும்?"

அடுப்படிக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. அடிப்பாவி. இவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார். அக்கா போனபின் என்னிடம்: "அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல. மாசக் கடைசியில உங்கண்ணன வரச் சொல்லுவோம்."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். வாயைத் திறந்தால் சண்டை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அங்கே திரும்பிப் போனால் அம்மா பிழைக்க மாட்டாள். இது இவருக்குத் தெரியாதா?

செப். 4, புதன்

செய்திக்குப் படித்தேன். போதகரம்மா கொடுத்த தடித்த விளக்கவுரை. தூசி, தும்மல்.

வேதத்தில் இருப்பது கொஞ்சம்தான். சீமோன் என்ற பேதுருவும் அவர் சகோதரன் அந்திரேயாவும் இருந்த வீடு. சீமோனுடைய மாமியார் காய்ச்சலில் படுக்கை. இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள். மனைவி பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. பிற்பாடு பவுல் எழுதியதில்தான், பேதுரு ஊழியத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார் என்று தெரிகிறது.

மற்றதெல்லாம் பாரம்பரியம். பெத்ரோனில்லா என்று ஒரு மகளாம். அது பிற்காலக் கதை, நம்புவதற்கில்லை. இன்னொன்று பழையது: மனைவியைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகையில் பேதுரு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆண்டவரை நினைத்துக்கொள் என்றாராம். என்ன பேர்? அதை எழுதிவைக்க ஆளில்லை.

போன வருஷம் வந்த பிரசங்கியார், "மகளைப் பார்க்க வந்த இடத்தில் மாமியாருக்குக் காய்ச்சல்" என்றார். நாங்களும் ஆமென் போட்டோம். பார்க்க வந்தாள் என்று எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அங்கேயே குடியிருந்தாள் என்றும் எழுதியில்லைதான், ஆனால் பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள் என்கிறது விளக்கவுரை. நம் ஆட்களுக்கு மருமகன் வீட்டில் மாமியார் இருப்பாள் என்று யோசிக்கவே வராது. அதனால் பஸ் ஏறி வந்துபோனவளாக்கிவிட்டோம்.

ஞாயிறு இதைத்தான் பேசுவேன்.

செப். 6, வெள்ளி

மேகம் கூடியது, கலைந்தது. கரிசலில் உழுதுபோட்டவர்கள் அண்ணாந்து பார்த்ததுதான் மிச்சம்.

இவரிடம் தலைப்பைச் சொன்னேன். "பேதுரு வீட்டோட மாப்பிள்ளையோ என்னமோ" என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து அம்மாவின் மாத்திரையை எடுத்து வைத்தார். நான் வாங்கச் சொல்லவே இல்லை. அருப்புக்கோட்டை வரை போய் வாங்கியிருக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம்.

செப். 7, சனி

தலைக்குக் குளித்தேன். செய்தியை அம்மாவிடம் சத்தமாகப் பேசிக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சீமோனுக்கு அக்கா யாரும் இல்ல போல" என்றாள்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"சபையில இதயா பேசப் போற? மாப்பிள்ளையும் இருப்பாகளே."

"மைக்கு போடுறதே அவுகதானம்மா. கேக்கட்டும்."

திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

செப். 8, ஞாயிறு

செய்தி நன்றாக வந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். போதகரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்கள். மைக்கைப் போட்டுவிட்டு இவர் எங்கே போனார் என்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. துணிப்பை இல்லை. இவர் நாற்காலியில்.

"அத்தைதான் ஒத்தக் கால்ல நின்னாக. 'எம்மக பேசி முடிக்கறதுக்குள்ள என்னய பஸ்ஸு ஏத்தி விட்டுருங்க மாப்பிள்ள. நான் இங்க இல்லேன்னா அது வெறும் பிரசங்கம். இருந்தா உங்களத்தான் சொன்னான்னு ஆகிப்போகும்'னாக."

"நீங்களும் ஏத்தி விட்டுட்டீக."

"உங்கண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூப்பிட்டுக்கிடுவாரு."

என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கத்தவில்லை. எந்த வாயால் கத்த? இந்த வாய் சும்மா இருந்திருந்தால் மாசக் கடைசி வரையாவது இருந்திருப்பாள்.

இருட்டுகிற நேரம் அண்ணன் நம்பரிலிருந்து போன். அம்மாதான். மூச்சு இரைத்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"மாப்பிள்ள சாப்ட்டாகளா?"

போனைச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம்.

சாப்பிட்டாக என்றேன்.