கண்ணாடி மாற்றிய பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

நலம். ஆபரேஷன் செய்த கண்ணுக்குச் சொட்டு மருந்து நின்றுவிட்டது. பொடி எழுத்தும் தெரிகிறது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நான் அங்கே இருந்தபோது தானே ஓட்டிக்கொள்ளும் உங்கள் காரின் முன்கண்ணாடி கல் பட்டு விரிசல் விட்டது. வேறு கண்ணாடி மாற்றினீர்கள். அதன் பின்னாலிருந்துதான் காரின் கேமரா சாலையைப் பார்க்கிறது. அன்று மாலை, நின்றிருந்த காரின் திரையில் எதிர்வீட்டு வாசல் தூணைப் பார்த்தேன். இடது ஓரத்தில் அது லேசாக வில்போல வளைந்து தெரிந்தது. என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டின் விளிம்பைத் திரைமேல் வைத்தும் பார்த்தேன். நடுவில் இருந்த விளக்குக் கம்பம் நேராக நின்றது, தூண்தான் வளைந்தது.

"அகல லென்ஸ் ஓரத்தை வளைக்கும் மாமா. கட்டம் போட்ட பலகையை முன்னால நிறுத்தி, எவ்வளவு வளையுதுன்னு அளந்து, கணக்குப் போட்டு நிமிர்த்திடுவோம்" என்று முன்பு விளக்கியவர் நீங்கள்தான். அந்தக் கணக்கு பழைய கண்ணாடிக்குப் போட்டது அல்லவா? சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். "ஆபீஸ்ல நாள் பூரா அந்தப் பலகையோடதான் குடித்தனம், வீட்டுலயுமா மாமா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தேன்.

நேற்று என் மகள் போன் செய்தாள். தெருமுனையில் இடப்பக்கம் வந்த சைக்கிள்காரரை, இன்னும் தள்ளி இருப்பதாகக் கார் கணக்கிட்டுக்கொண்டதாம். இவள் பிரேக்கை மிதிப்பதற்குள் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையில் உரசிவிட்டது. அவருக்கு அடி இல்லை. "உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்கப்பா, ஏன் கவனிக்கலைன்னு என்னையே கேப்பார்" என்றாள். சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தொழிலில் எனக்கு என்ன தெரியும்? நான் நினைப்பது முழுத் தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த முறை எல்லோர் முன்னாலும் கேலி செய்யுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஒரு தடவை பலகையை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். அதுவரை ஸ்டியரிங் அவள் கையிலேயே இருக்கட்டும். அவளை எதுவும் கேட்க வேண்டாம். கோபம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பேத்திக்குப் பள்ளி திறக்கப்போகிறது. அவள் உட்காருவது பின்னால், இடப்பக்கம்.

மூவரும் போன இடத்திலிருந்து நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆசிகளுடன்,
மாமா