மீனின் கூடுதல் கட்டும் என் பெயரும்

என் தங்க அம்மாவுக்கு,

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகிறது. மீனின் குரோமோசோம்களையும் மனிதனின் குரோமோசோம்களையும் அருகருகே வைத்து, முதுகெலும்புள்ள உயிர்களுக்கெல்லாம் மூதாதையான உயிரிடம் அவை எப்படி இருந்தன என்று தேடும் வேலை. உனக்கு இது ஒரு நாளும் புரிந்ததில்லை. தெருவில் கேட்டவர்களிடம், "எம்மக மீன் ஆஸ்பத்திரில இருக்கா" என்று சொல்லி வைத்தாய். வெம்பக்கோட்டை அணையில் மீன் குத்தகை எடுத்தவர் வீடு தேடி வந்து மருந்து கேட்டாரே, நினைவிருக்கிறதா?

ஒரு காரியம் மட்டும் உன்னிடம் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அச்சாவதற்குள் என் பெயரை மாற்றிவிட நினைத்தேன். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு போதும் என்று அப்பா வீட்டார் வைத்த பெயர்: போதும்பொண்ணு. கூட வேலை பார்ப்பவர்கள் அர்த்தம் கேட்டால், அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். உனக்காவது இந்தப் பெயர் பிடித்திருந்ததா அம்மா?

போன வாரம் திருத்தங்கலில் நீ வேலை பார்த்த காலண்டர் அச்சகத்துக்குப் போனேன். காலண்டர் சீசன், பேசக்கூட யாருக்கும் நேரமில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அடுக்கிய மாரியம்மாள் அத்தை, சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, உங்கம்மாதான் வெவரம் தெரியாமலே போய்ச் சேந்துட்டா. எங்களுக்காச்சும் சொல்லு. அங்கன என்னதான் செய்றே?"

மூலையில் கழிவுத் தாள் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் நம் வீட்டுக் காலண்டர் ஞாபகம் வந்தது. தாள் விடுபட்டதால் அச்சகத்தில் கழித்துப்போட்ட தேதிக் கட்டு இரண்டைக் கொண்டுவருவாய். இதில் இல்லாததை அதிலிருந்து எடுத்துச் செருகி, முழு வருசமாக்கி ஆணியில் மாட்டுவாய். சில தேதி இரண்டு கட்டிலும் இருந்து, இரண்டு தாளுமே உள்ளே போய்விடும். ஊருக்கெல்லாம் காலண்டர் அடுக்கிக் கொடுத்த நீ, அப்படித்தான் ஒரு கிருத்திகைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் விரதம் கிடந்தாய்! அக்காவும் நானும் சிரித்த சிரிப்புக்கு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

அத்தையிடம் அதை வைத்தே சொன்னேன்.

"மீனுக்கும் நமக்கும் ஆதியில ஒரே கட்டுதான் அத்தை. பின்னால மீன் வழியில அம்புட்டும் ரெண்டு ரெண்டா ஆயிருச்சு. அப்புறம் இந்தக் கட்டுல சில தாளு, அந்தக் கட்டுல சில தாளு உதிந்துபோச்சு. நம்ம கட்ட நடுவுல வச்சுக்கிட்டு, மீனோட ரெண்டையும் கோத்துப் பாத்தா ஆதிக் கட்டு எப்படி இருந்துச்சுன்னு தெரியும். எங்கன பிஞ்சுச்சு, எங்கன ஒட்டுச்சுன்னும் தெரியும்."

அத்தை சோற்றுக் கையோடு யோசித்தாள். "சரி, ரெண்டுலயும் ஒரே தாளு தங்கிட்டா?"

"ஒண்ணு பழைய வேலையப் பாக்கும். இன்னொண்ணு சில சமயம் புதுசா ஒரு வேலையப் பழகிக்கிரும்."

"அட, இதத்தானே உங்கம்மா அன்னைக்கே சொன்னா!"

எப்போது என்று கேட்டேன். எனக்குப் பெயர் வைத்த அன்று அத்தையும் வந்திருந்தாளாம். எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்க, நீ தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னாயாம்: "கூட ஒண்ணு வந்துட்டுன்னா தூரவா போடுவாக? பேரு என்னமும் இருக்கட்டும். எம்பிள்ளைக்குன்னு ஒரு சோலி வராமலா போகும்!"

இதை ஏன் அம்மா என்னிடம் சொல்லவே இல்லை? சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாயோ? கூடுதலாய் வந்த தாளைக்கூட நீ எறிந்ததில்லை. அதன் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகினேன்.

அங்கேயே அழுதுவிட்டேன். அத்தை தன் தூக்குச்சட்டியை என் பக்கம் நகர்த்தி, "மொதல்ல சாப்பிடு" என்றாள். உன் ருசியிலேயே புளிக்குழம்பு.

நன்றி அம்மா, என்னை வேண்டும் என்று வைத்துக்கொண்டதற்கு. மீன் ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் பெருமை பேசியதற்கும் சேர்த்து.

பெயர் மாற்றும் பேச்சை விட்டுவிட்டேன். கட்டுரை இந்தப் பெயரிலேயே அச்சாகும். இனி யார் அர்த்தம் கேட்டாலும் அப்பா வீட்டார் சொன்னதோடு நிறுத்தமாட்டேன். நீ சொன்னதையும் சொல்வேன். இது சத்தியம்.

உனக்குக் கூடுதலாய் வந்த மகள்,
போதும்பொண்ணு