பென்சில் குறி இல்லாத படிவம்

செவ்வாய், இரவு.

திருமுடிவாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் பட்டறையை இன்று கம்பெனியாகப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். முன்பெல்லாம் ஆடிட்டர் பென்சிலில் குறித்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன்; எதையும் படித்ததில்லை. இப்போது எல்லாமே ஆன்லைனில் ஒரே படிவம். இரண்டாவது டைரக்டர் நான் என்பதால் ஓடிபி என் போனுக்கு வந்தது.

"சீக்கிரம் நம்பரைச் சொல்லு. பத்து நிமிஷம்தான் டைம்" என்றார்.

"டைரக்டர்னா அங்க நடக்கிறதுக்கு நானும் பொறுப்புதானேங்க?"

"சட்டப்படி ஆமா. ஆனா நீ சும்மா பேருக்குத்தான்."

"அப்ப நம்ம பட்டறை ஆளு சேகருக்கு மெஷின்ல விரல் போச்சே, அந்த மெஷினுக்குத் தடுப்பு போட்டாச்சா?"

அவர் மறுபடி நம்பரையே கேட்டார்; நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஓடி, ஓடிபி காலாவதியாகிவிட்டது.

நாளை இன்னொரு ஓடிபி வரும். அதற்கு முன் அந்த மெஷினைப் பார்த்துவிட வேண்டும். பதினாறு வருடமாகச் சாப்பாடு கட்டி அனுப்புகிறேன். பட்டறை உள்ளே எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.