முனகல் நீக்கிய பாக்

அன்புள்ள மகனுக்கு,

உன் ஸ்டுடியோவிலிருந்து நீ அனுப்பிய குறுந்தகடு வந்து சேர்ந்தது. இங்கே கனாசாவாவில் பனி விழத் தொடங்கிவிட்டது.

பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம் துளியும் இல்லை. அந்தப் பியானோ மேதை வாசிக்கும்போதே முனகிக்கொண்டிருப்பாரே, அதையும் துடைத்தெடுத்துவிட்டாய். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையில் அவருடைய இடது கை கேட்கும் கேள்விக்கு வலது கை யோசித்துப் பதில் சொல்வது இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நாற்பது வருடமாகக் கேட்டும் வியப்பு அடங்கவில்லை.

அம்மாவும் கேட்டாள். பாதியில் ஒலிபெருக்கியைப் பார்த்து, "அந்த மனுஷன் எங்க, போயிட்டாரா?" என்றாள்.

"இருக்கார், வாசிக்கிறார் பாரு."

"இல்ல. ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு."

அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை.

பழைய தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அதனால் ஒன்றுமில்லை, நீ வருத்தப்படாதே.

இப்போதெல்லாம் மதியம் குறுந்தகட்டைப் போட்டுவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பின்னால் உள்ள காகிதம் ஒட்டிய தள்ளுகதவைச் சாத்தி, மறுபக்கம் உட்கார்ந்து நானே முனகுகிறேன். என் சுருதிதான் உனக்குத் தெரியுமே. ஆனாலும் அம்மா சிரிக்கிறாள். ஆரஞ்சு உரித்து ஒலிபெருக்கி முன்னால் வைக்கிறாள்.

நேற்று இசை முடிந்ததும் கதவைத் திறந்து உள்ளே போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாருன்னு தெரியல. அவர் வர்ற நேரத்துல மட்டும் இங்க வராதீங்க."

சரி என்றேன்.

புத்தாண்டுக்கு வரும்போது தொண்டைக்கு ஏதாவது மாத்திரை வாங்கி வா.

உன் அப்பா