எங்கள் நம்பரில் ஓடிய ஆட்டோ

லாஸ்பேட்டை,
6-2-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வேம்பு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஜம்முவில் குளிர் குறைந்ததா? அம்மா அனுப்பிய எள்ளுருண்டை உடையாமல் வந்து சேர்ந்ததா?

அப்பாவின் ஆட்டோவைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று போன கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். நீ தூங்கியிருக்க மாட்டாய். வண்டி இப்போது நம் வாசலில் நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

மில் வேலை போனபின் ஆயுத பூஜை சமயத்தில் கருவடிக்குப்பத்துக்காரரிடம் அப்பா வாங்கிய வண்டிதானே. அப்போது புத்தகத்தில் பெயர்கூட மாற்றியிருக்கவில்லை. பொங்கலுக்கு முன் போலீஸ்காரர் நிறுத்தி, வண்டிப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் ஒரு நம்பர், பலகையில் வேறு நம்பர். திருட்டு வண்டி என்று ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டார்கள். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று தெருவே பேசியது. அப்பா சாப்பிடவில்லை. "பி.எஸ்ஸி. படிச்சிட்டு கதவுக்குப் பின்னாடியே நிக்கிறியே, போயி கேளுடி" என்றாள் அம்மா.

போனேன். பலகை வெறும் பெயிண்ட், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி. கம்பெனியில் வண்டியின் அடிச்சட்ட இரும்பில் வெட்டிய சேஸிஸ் நம்பர்தான் வண்டியின் சொந்த நம்பராம். அதைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் அத்தனை பேர் பார்க்க மண்டியிட்டு உட்கார்ந்தேன், அண்ணா. பூஜைக்கு அம்மா அப்பிய சந்தனம், அதற்கடியில் கிரீஸ், அதற்கடியில் பெயிண்ட். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சுரண்டி, தாளை வைத்துத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. நம் புத்தகத்தில் இருக்கும் அதே எண். வண்டி நம்முடையது. பலகைதான் நம்முடையது இல்லை.

பலகையில் இருந்த நம்பர் யாருடையது என்று அலுவலகத்தில் தேடிச் சொன்னார்கள்: நோணாங்குப்பம் கோவிந்தராசு. நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போனோம். ஆற்றங்கரையில் நம் நம்பரோடு ஓர் ஆட்டோ, அதிலிருந்து மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா சண்டைக்கே போய்விட்டார். கோவிந்தராசு பதிலுக்குச் சத்தம் போடவில்லை. தன் புத்தகத்தை எடுத்து வந்து பலகையைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "அப்ப மூணு மாசமா உங்க நம்பர்லயா ஓட்டிக்கினு இருந்தேன்? ஒருத்தரும் புடிக்கலியே பெரியவரே, ராசியான நம்பருதான்" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் பாவாடை என்ற பெயிண்டரின் வேலை. பூஜைக்கு முதல் நாள் டவுன் ஆட்டோ ஸ்டாண்டில், எழுத வந்த எல்லா வண்டிகளின் பலகைகளையும் கழற்றியிருக்கிறார். மழை வந்ததும் வாரிக்கொண்டு ஓடியவர், திரும்ப மாட்டும்போது இதை அதிலும் அதை இதிலும் மாட்டிவிட்டார். மேலே சந்தனம், பூமாலை. யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு வண்டி புதிது, கண்ணாடியில் இருந்த விரிசல்தான் அடையாளம். கோவிந்தராசுவைக் கேட்டால், "ரோட்டப் பாப்பனா, நம்பரப் பாப்பனா" என்கிறார்.

அவர் வண்டிக்கும் நானே நம்பர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் சரியாக இருந்ததால் வண்டியை விட்டுவிட்டார்கள். பாவாடையே வந்து பலகைகளை மாற்றி மாட்டினார். இப்போது புத்தகத்தில் மாரியப்பன் என்று அப்பா பெயர் ஏறிவிட்டது. தினமும் பிரித்துப் பார்க்கிறார்.

பொங்கலுக்குக் கோவிந்தராசுவின் அம்மா முத்தம்மாள் வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தார். போன ஞாயிறு மீன் இல்லாமல் பூவோடு என்னைக் கேட்டு வந்தார். அவர்கள் வேறு ஆட்கள், நாம் வேறு என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இரண்டு தடவை காபி கொடுத்தாள். பெரியவனைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பா தனியாக உனக்கு எழுதுவார். நீ நன்றாக யோசித்தே பதில் போடு. ஆனால் சீக்கிரம் போடு.

ஒன்று சொல்ல மறந்தேன். கோவிந்தராசு வண்டியில் முதலில் எடுத்தபோது அவர் பக்கத்தில் குனிந்து பார்க்க, தாள் நகர்ந்து எண்கள் கலங்கிவிட்டன. இன்னொன்று எடுத்துத்தான் ஆபீசில் கொடுத்தோம். கலங்கிய தாளை நான் தூக்கிப் போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
வேம்பு