காஸ்டிக் தெறித்த கண்

பாய், இன்று காலை செவ்வாய்ப்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சாக்கடையோரமாக பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த நெடி ஏறியதும் என் வலக்கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற அம்மா, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். பழைய கோளாறு என்று சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. சாயப்பட்டறையில் நான் சேர்ந்தபோது, நீங்கள் நூல் வெளுக்கிற தொட்டியில் வேலையாக இருந்தீர்கள். உங்கள் இடக்கண் வெள்ளையாக மங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்புவீர்கள். யாரும் காரணம் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று காஸ்டிக் சோடா கரைத்துக்கொண்டிருந்தேன். வாளி வழுக்கி முகத்தில் தெறித்தது. வலக்கண் எரிந்த எரிச்சலில் இமையைத் திறக்க முடியவில்லை. யாரோ விளக்கெண்ணெய் எடுக்க ஓடினார்கள். மேஸ்திரி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். நீங்கள்தான் என் பிடரியைப் பிடித்து, நூல் அலசுகிற குழாயடிக்குத் தள்ளிக்கொண்டுபோய், தலையைச் சாய்த்துத் தண்ணீரைத் திறந்தீர்கள். விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டீர்கள். நான் திமிறினேன், உங்களை உதைத்தேன்கூட.

"ஆட்டோ வந்துருச்சுங்க பாய், அவர உடுங்க," என்றார் மேஸ்திரி.

"நிக்கட்டும். எனக்கும் அன்னிக்கு ஆட்டோ சீக்கிரமாத்தான் வந்துச்சு," என்றீர்கள்.

நன்றாகக் கழுவிய பிறகுதான் என்னை ஆட்டோவில் ஏற்றினீர்கள். வழியிலும் மடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே வந்தீர்கள். உடனே விட்ட தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது உங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டேன். உங்களுக்கும் காஸ்டிக்தானாம்; தண்ணீர் விடாமல், எண்ணெய் விட்டுத் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். "அவங்கள என்ன சொல்றது? அவங்களுக்குத் தெரியலப்பா," என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு இருவருமாக முதலாளியிடம் போய் நின்றோம். காஸ்டிக் கரைக்கிற இடத்திலேயே குழாய் வந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிகளும் வந்தன. வேர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று ஆளாளுக்குக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். நீங்கள் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். "சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுப்பா," என்று சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்ட நாளும் உண்டு. மறுநாள் மறுபடியும் கொடுப்பீர்கள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். உங்களைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பட்டறையில் கண்ணாடி எடுத்துக் கொடுத்துச் சொல்லிப் பழக்குகிற உங்கள் வேலை எனக்கு வந்தது. அலுப்பாக இருக்கிறது பாய். கண்ணாடிகள் இன்னும் ஆணியில்தான் தொங்குகின்றன. இப்போது வருபவர்கள் பாதிக்குமேல் ஒடிசாக்காரர்கள். சொல்லிப் பழக்குவதற்குள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நேற்று ஒருவன் புதிதாக வந்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். நானே முதலில் குனிந்து, கண்ணைத் திறந்தபடி தண்ணீரில் காட்டினேன். பிறகு அவனைக் குனியச் செய்தேன். இந்த ஆளுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பான்; கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று, அவன் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.